சந்தைக் கூடையில் மூச்சுவிடும் காய்: ‘பருவம்’ என்ற சொல்லுக்கு ஓர் எளிய விளக்கம்

உழவர் சந்தைக்குப் போய்வருகிறவர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் சொல் ‘சீசன்’. “இது சீசன் பழம், தாராளமாக வாங்கலாம்” என்பார் ஒருவர். “சீசன் இல்லாத காயில் எல்லாம் மருந்துதான்” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கீரைக்கட்டைத் தூக்கிக் காட்டி, “காலையில் பறித்தது, அப்புறம் சீசன் இல்லாமலா?” என்று முடித்துவிடுவார். மூவரும் சொல்வது ஒரே சொல்லை. சொல்லும் பொருள்தான் ஆளுக்கொன்று.

இதில் நான்கு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்தக் காலத்தில் விளைந்தது? எப்போது பறித்தது? எங்கிருந்து வந்தது? எந்த முறையில் விளைவித்தது? ஒன்றுக்கு விடை தெரிந்துவிட்டதால் மற்ற மூன்றும் தெரிந்ததாக ஆகிவிடாது. பக்கத்துத் தோட்டத்தில், உரிய பருவத்திலேயே விளைந்த வெண்டைக்காய் மூன்று நாள் சாக்கில் கிடந்து வதங்கியிருக்கலாம். இரசாயன உரம் படாத தக்காளி, பருவம் தப்பிப் பசுமைக்குடிலில் காய்த்ததாக இருக்கலாம்.

கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு விடை விற்பவரின் வாயில் இருக்கிறது. முதல் இரண்டுக்கோ விடை காயிலேயே இருக்கிறது. செடிக்குப் பருவம் எப்படித் தெரிகிறது, பறித்த பிறகு காய்க்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தால் அதைப் படித்துக்கொள்ளலாம்.

## செடியிடம் நாட்காட்டி கிடையாது

கடிகாரம் இல்லாத அறை ஒன்றில் உங்களைச் சில மாதங்கள் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒரு சன்னல் மட்டும் உண்டு. நாள் செல்லச் செல்ல வெளிச்சம் சீக்கிரம் மங்குவதையும், போர்வை தேவைப்படுவதையும் வைத்தே இன்ன காலம் என்று சொல்லிவிடுவீர்கள். செடியும் அப்படித்தான் கணக்கிடுகிறது. அதற்குத் தெரிந்தவை முக்கியமாக இரண்டு: வெளிச்சமும் வெப்பமும்.

வெளிச்சக் கணக்கு பிடிபட்ட கதை சுவையானது. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘மேரிலாண்ட் மாமத்’ என்றொரு புகையிலை ரகம் தலைகாட்டியது. கோடை முழுவதும் ஆளுயரத்தைத் தாண்டி வளரும். இலை இலையாகத் தள்ளும். பூ மட்டும் வராது. பூக்காவிட்டால் விதை ஏது? அதே செடியைக் குளிர்காலத்தில் கண்ணாடிக்குடிலில் வைத்தால் பூத்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சியாளர்கள் கார்னரும் அல்லார்டும் வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் நடுக்கோடையில், வெளியே வெயில் இருக்கும்போதே செடிகளை இருட்டுக் கொட்டகைக்குள் நகர்த்தினார்கள். மறுநாள் காலையில் வெளியே எடுத்தார்கள். பகல் சுருங்கிவிட்டதாகச் செடி நம்பியது. பூத்தது! 1920-இல் அவர்கள் இந்த முடிவை வெளியிட்டார்கள். பகல், இரவின் நீளத்தைக் கொண்டு செடி தன் வளர்ச்சியைத் திருப்பிக்கொள்ளும் இந்தப் பண்புக்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பகலைவிட இரவின் நீளத்தைத்தான் செடி கறாராக அளக்கிறது என்று 1938-இல் தெரியவந்தது. நீண்ட இரவுக்காகக் காத்திருக்கும் செடியின் மீது நடுராத்திரியில் சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் போதும், அதன் கணக்கு குலைந்துவிடும்.

சந்தைக் கூடைக்கும் இதற்கும் என்ன உறவு? வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் ஒரு குறிப்பிட்ட நீளத்தை எட்டிய பிறகுதான் அது கிழங்கு கட்டத் தொடங்கும். சில ரகங்களுக்குச் சுமார் 12 மணி நேரப் பகல் போதும். சிலவற்றுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இரண்டாம் வகையை நிலநடுக்கோட்டுக்கு அருகே நட்டால் தாள் மட்டும் செழிக்கும், கிழங்கு திரளாது. பாலக்கீரைக்கு இதுவே வேறு விதத்தில் வினையாகிறது. பகல் நீளும்போது அது இலை விடுவதை நிறுத்திப் பூத்தண்டு தள்ளுகிறது. இலை கசந்து தடித்துப்போகிறது. ‘கீரை முற்றிவிட்டது’ என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும்போது, செடி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

எல்லாச் செடிகளும் வெளிச்சத்தை இப்படிப் பொருட்படுத்துவதில்லை. தக்காளிக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டே அல்ல, வெப்பம்தான் எல்லாம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் தணியாமல் போனால் மகரந்தம் கெடும், பூ உதிரும், செடி பச்சையாக நிற்கும், காய் இருக்காது. காய்த்த தக்காளிக்கும் வெயிலால் ஒரு சங்கடம் உண்டு. அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் என்ற நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமி மட்டும் உருவாகிறது. கடும் கோடையில் காம்பைச் சுற்றி ஆரஞ்சும் மஞ்சளுமாக நிற்கும் தக்காளியைப் பார்த்து, “இன்னும் பழுக்கவில்லை” என்று ஒதுக்கிவிடுவோம். அது பழுத்துதான் இருக்கும். சிவக்க முடியாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

குளிரையே கேட்டு வாங்கும் மரங்களும் உண்டு. ஆப்பிள் மரத்தின் மொட்டுகள் விழிக்க வேண்டுமானால், பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் குறைவான குளிர் நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடைத்தாக வேண்டும். கேரட்டும் சில கோசு வகைகளும் குளிர் தாக்கியபின் அதிகம் இனிக்கும். உறைந்துபோகாமல் தப்பிக்கத் தம்மிடமுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன.

இதுவரை சொன்னதன் சாரம்: இன்ன ரகத்துக்கு, இன்ன இடத்தில், வெளிச்சமும் வெப்பமும் ஒத்துவரும் காலமே அதன் பருவம். அதனால்தான் ‘இந்த மாதத்தின் காய்கள்’ என்று ஊர் உலகுக்கெல்லாம் பொதுவாக அச்சடித்த பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. மலைச்சரிவின் பருவம் வேறு, அடிவாரத்தின் பருவம் வேறு.

## பறிப்பது கொல்வதல்ல

இனி இரண்டாவது கேள்வி. செடியிலிருந்து பிரிந்த அந்த நொடியில் காய் இறந்துவிட்டது, பிறகு மெல்லக் கெட்டுப்போகிறது என்பதுதான் பொதுவான எண்ணம். உண்மை அப்படியில்லை. பறித்த காய் உயிரோடிருக்கிறது, மூச்சுவிடுகிறது.

மாதச் சம்பளம் திடீரென்று நின்றுபோன ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுப்பு எரிகிறது, விளக்கு எரிகிறது, அன்றாடம் எல்லாம் நடக்கிறது. ஆனால் அத்தனையும் சேமிப்பிலிருந்து. பறித்த காயின் நிலை இதுதான். செடியில் இருந்தவரை இலைகள் சர்க்கரை தயாரித்து அனுப்பின. வேர் தண்ணீர் அனுப்பியது. பறித்தவுடன் இரண்டு வரவும் நின்றன, செலவு நிற்கவில்லை. காயின் செல்கள் சேமித்த சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெளிவிடுகின்றன. இதுவே சுவாசம். கூடவே வெப்பமும் வெளிப்படுகிறது.

அந்த வெப்பத்தைக் கையாலேயே உணரலாம். சாக்கில் திணித்து வந்த பச்சைப் பட்டாணிக்குள்ளோ, நெருக்கி அடுக்கிய கீரைக்கட்டுகளுக்கு நடுவிலோ கையை விட்டுப் பாருங்கள். வெளிப்புறம் சில்லென்று இருக்கும். நடுவில் உள்ளங்கையில் வெதுவெதுப்பு படும், விரல்களில் ஈரம் ஒட்டும். முதல் தடவை எனக்கு இது வெயிலில் காய்ந்த சூடு என்றுதான் தோன்றியது. விடிகாலை, வெயிலே வராத நேரம். அது கீரையின் சொந்தச் சூடு.

எல்லாம் ஒரே வேகத்தில் மூச்சுவிடுவதில்லை. கீரைகள், பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம், புரோக்கோலி, காளான் ஆகியவை ஓட்டப்பந்தயக்காரனைப் போல மூச்சிரைக்கின்றன. இளம் தளிர், மொட்டு, பிஞ்சு விதை என்று இன்னும் வளர்ந்துகொண்டிருந்த உறுப்புகள் இவை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முற்றிய பூசணி ஆகியவையோ ஆழ்ந்து உறங்குகின்றன. உணவைச் சேமித்து வைத்துக் காத்திருப்பதற்கென்றே அமைந்த உறுப்புகள் என்பதால் செலவு குறைவு. புதியதாகத்தான் வாங்குவேன் என்ற பிடிவாதத்தைக் கீரையிடமும் பட்டாணியிடமும் காட்டுங்கள். பூசணியிடம் காட்டிப் பயனில்லை.

வேகத்தைத் தீர்மானிக்கும் இன்னொன்று வெப்பம். தோராயமாக, வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் சுவாசம் இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. ஆகவே, ‘பறித்து எத்தனை மணி நேரமாயிற்று’ என்பது பாதிக் கேள்விதான்; அந்த மணி நேரங்களை எங்கே கழித்தது என்பது மீதிப் பாதி. வெயிலில் நின்ற வண்டியில் அரை நாள் இருந்த இனிப்பு மக்காச்சோளத்தைவிட, குளிரில் இரண்டு நாள் இருந்தது அதிகம் இனிக்கலாம். மக்காச்சோளத்தின் விஷயத்தில் இழப்பு இரட்டை: கொஞ்சம் சர்க்கரை மூச்சில் எரிகிறது; அதைவிட அதிகமாக மாவுப்பொருளாக மாறிவிடுகிறது. கெட்டுப்போயிருக்காது, இனிப்புதான் போயிருக்கும்.

நீர் இழப்பைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். வேரிலிருந்து வந்த தண்ணீர் நின்றபின், எடையில் சுமார் 5 விழுக்காடு நீரை இழந்தாலே இலைக்காய்கள் வாடிவிடும். தக்காளியின் தோலில் மூச்சுத்துளைகளே இல்லை. காற்றும் நீரும் பெரும்பாலும் காம்பு இருந்த வடு வழியாகத்தான் போய்வருகின்றன. அந்த வடுவைக் கீழே வைத்துக் கவிழ்த்தால் சற்றே அதிக நாள் தாங்கும். கீரை மேல் தண்ணீர் தெளிப்பதில் மோசடி ஒன்றுமில்லை. ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த கட்டைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவது, மூச்சுவிடும் பொருளை வேர்வையோடு அடைத்துவைப்பது. மாலைக்குள் அழுகல் வாடை வந்துவிடும்.

ஆக, பசுமை என்பது சேமிப்பில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான். உழவர் சந்தையின் உண்மையான பலம், பறித்த நேரத்துக்கும் நம் அடுப்புக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்குவது. இந்தப் பலம் பட்டாணிக்கு மிகப் பெரியது. வெங்காயத்துக்கு அநேகமாக ஒன்றுமில்லை.

## முற்றுவது வேறு, பழுப்பது வேறு

பழங்களிடம் வரும்போது கணக்கு மாறுகிறது. இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. பிஞ்சு, காய், செங்காய், பழம் என்று படிப்படியாகச் சொல் வைத்திருக்கிறோம். அதற்கும் மேலாக, ‘முற்றுதல்’, ‘பழுத்தல்’ என்ற இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. முற்றுதல் செடியில் மட்டுமே நடக்கும். வளர்ச்சி நிறைவடைந்து, சேமிப்பு நிரம்புவது அது. பழுத்தல் என்பது அந்தச் சேமிப்பை இனிப்பாக, மணமாக, மென்மையாக மாற்றுவது. சேமிப்பு நிரம்பாத மாங்காயைப் பறித்துப் பழுக்க வைத்தால் தோல் சுருங்கி, சப்பென்று, ஓரத்தில் புளிப்போடு நிற்கும். அதற்கும் சொல் இருக்கிறது: வெம்பல்.

பழுப்பதைத் தொடங்கி வைப்பது ஒரு வாயு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரி வாயுவால் தெருவிளக்கு எரித்த நகரங்களில், குழாய் கசிந்த இடத்து மரங்கள் காலமல்லாத காலத்தில் இலை உதிர்த்தன. அந்த வாயுவுக்குள் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று 1901-இல் ரஷ்யாவைச் சேர்ந்த திமித்ரி நெல்யூபோவ், பட்டாணி நாற்றுகளைக் கொண்டு கண்டறிந்தார். பழங்கள் அதே எத்திலீனைத் தாமாகவே வெளியிடுகின்றன என்பதை 1934-இல் ரிச்சர்ட் கேன் ஆப்பிளில் நிறுவினார். செடி தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் இப்படிப்பட்ட இரசாயனச் செய்திக்கு ஹார்மோன் என்று பெயர். எத்திலீன் காற்றில் பரவக்கூடிய ஹார்மோன். ஒரு பழத்தின் செய்தியைப் பக்கத்துப் பழமும் படித்துவிடும்.

இங்கேதான் பழங்கள் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. வாழை, மா, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, ஆப்பிள், தக்காளி, அவகாடோ ஆகியவை முற்றியபின் பறித்தாலும் பழுக்கும். எத்திலீன் சிறிது பட்டதும் மேலும் எத்திலீனைச் சுரக்கும். சுவாசம் திடீரென்று எழும்பும். வாழை, மா போன்றவற்றில் உள்ளே மாவு சர்க்கரையாகும். இந்தத் திடீர் எழுச்சியை மூச்சேற்றம் என்று சொல்லலாம். முற்றிய பச்சை வாழைக்காயின் சதையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுப்பொருள். பழுத்து முடியும்போது அது நூற்றுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்து, மற்றது சர்க்கரையாகியிருக்கும்.

திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி, தர்ப்பூசணி, ஸ்ட்ராபெரி ஆகியவை எதிர்க்கட்சி. மாற்றிக்கொள்ள அவற்றிடம் மாவுச் சேமிப்பு இல்லை. இனிப்பு முழுவதும் செடியிலிருந்தே வந்தாக வேண்டும். பறித்தபின் அவை மெத்தென்று ஆகலாம், நிறம் மாறலாம், இனிப்பு கூடாது. புளித்த திராட்சையை வாங்கிவந்து, “இரண்டு நாளில் சரியாகிவிடும்” என்று தட்டில் வைத்துக் காத்திருந்தவன் நான். நான்காம் நாள் காம்பு காய்ந்து, தோல் சுருங்கி, அதே புளிப்போடு என்னைப் பார்த்தது.

நிறமும் நம்மை நன்றாக ஏமாற்றும். ஆரஞ்சின் தோல் பச்சை நீங்கி மஞ்சளாவதற்கு இரவுக் குளிர் வேண்டும். வெப்பமான இடங்களில் உள்ளே நன்றாகக் கனிந்த ஆரஞ்சும் பச்சைத் தோலோடு நிற்கும். எத்திலீன் காட்டினால் தோல் நிறம் மாறிவிடும். உள்ளே ஒரு துளி இனிப்பும் கூடியிருக்காது.

“எத்திலீனா? அப்படியானால் கல் வைத்துப் பழுக்க வைத்ததுதானே?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டும் வேறு. கல் என்று சொல்லப்படுவது கால்சியம் கார்பைடு. அது ஈரம் பட்டு வெளியிடுவது அசிட்டிலீன். எத்திலீனைப் போல வேடம் போடும் வேறு வாயு. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால்தான் பல நாடுகளில் அதற்குத் தடை. பழுக்க வைக்கும் அறைகளில் அளவோடு விடப்படும் எத்திலீனோ, பழம் தானே சுரக்கும் அதே வாயு. அந்த அறையில் பழுத்த பழம் சுவைக்கவில்லையென்றால், பெரும்பாலும் குற்றம் வாயுவின் மீது இல்லை. முற்றாமல் பறித்தவர் மீதுதான்.

இரு கட்சிகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: பறித்தபின் பழுக்கும் கட்சியில் முற்றலைப் பார்த்து வாங்க வேண்டும், எதிர்க்கட்சியில் அன்றைய சுவையைப் பார்த்து வாங்க வேண்டும்.

## கூடையோடு நிற்கும்போது

“புதுக் காய்தானா?” என்று கேட்காதீர்கள். அதற்கு உலகெங்கும் ஒரே பதில்தான். “எப்போது பறித்தீர்கள், ஐயா?” என்று கேளுங்கள். பறித்தவருக்கு உடனே பதில் வரும்: “நேற்றுச் சாயங்காலம், வெயில் தாழ்ந்தபின்.” மொத்தக் கடையில் வாங்கிவந்து விற்பவர் கொஞ்சம் யோசிப்பார், யோசிப்பது குற்றமல்ல, ஆனால் அது உங்களுக்கு ஒரு செய்தி. பயிரிடுகிறவரின் தட்டில் சில வகைகளே இருக்கும். அவையும் வாரத்துக்கு வாரம் மாறும். வருடம் முழுவதும் அதே இருபது வகைகளை வைத்திருக்கும் கடையில் பருவத்தைத் தேட வேண்டாம்.

பிறகு வெட்டுவாயைப் பாருங்கள். கீரைத்தண்டின், கோசின், புரோக்கோலியின் அடியில் வெட்டுப்பட்ட இடம் ஈரமாக, வெளிறி இருந்தால் வெட்டி வெகுநேரமாகவில்லை; பழுப்பேறிக் காய்ந்திருந்தால் நாளாயிற்று. இலையைத் தண்ணீர் தெளித்து நிமிர்த்திவிடலாம், வெட்டுவாயை இளமையாக்க முடியாது. வெண்டையின் நுனி ஒடிவது முற்றலைத்தான் சொல்லும்: பிஞ்சு பட்டென்று ஒடியும், நாரேறியது வளையும். பறித்து எத்தனை நாள் என்பதற்கு அதில் விடை இல்லை. தர்ப்பூசணியில் தரையைத் தொட்டிருந்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெண்ணெய் நிற மஞ்சள் படர்ந்திருந்தால் கொடியிலேயே முற்றியது, வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டது. அது எதிர்க்கட்சி என்பது நினைவிருக்கட்டும்.

வாங்கும் வரிசையிலும் கொஞ்சம் புத்தி வேண்டும். வெங்காயம், கிழங்கு, பூசணி முதலில். கீரையும் பட்டாணியும் கடைசியில். நாம் சந்தையைச் சுற்றும் ஒரு மணி நேரமும் அவற்றின் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது.

வீட்டுக்கு வந்தபின், பழுக்காத தக்காளியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். சுமார் 12 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் அதன் பழுக்கும் ஏற்பாடே பழுதாகி, மணம் போய்விடும். வாழைக்கும் அதே கதை, தோல் கறுத்துவிடும். அவசரமாகப் பழுக்க வேண்டிய மாங்காயை, பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு மூடினால் வாழையின் எத்திலீன் வேலையைத் தொடங்கிவிடும்.

அதே எத்திலீன் வேண்டாத இடத்துக்கும் போகும். ஆப்பிளையும் கேரட்டையும் ஒரே தட்டில் மூடி வைத்திருந்தால், கேரட் சில நாளில் கசக்கத் தொடங்கும். எத்திலீன் படும்போது கேரட்டுக்குள் கசப்புப் பொருள் ஒன்று உருவாகிறது. வெள்ளரி மஞ்சளாகும், கீரை பழுத்து உதிரும். நாமோ அடுத்த வாரம் சந்தைக்குப் போய், “போன முறை கொடுத்த கேரட் ஒரே கசப்பு, அம்மா” என்று அந்த விவசாயியிடம் குறைசொல்லிக்கொண்டு நிற்போம். அவர், “உங்கள் வீட்டில் ஆப்பிள் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான்.